ஸ்டாரை வாங்குவதா, அணியைக் கட்டுவதா? என்பிஏ டிரேட் கணக்கு

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில், ஒவ்வொரு பிப்ரவரியிலும் டிரேட் கெடு (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) நெருங்கும்போது இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. நமக்குப் பிடித்த அணி சீசனுக்கு 45 ஆட்டம் ஜெயிக்கிறது, பிளேஆஃப் போகிறது, இரண்டாவது சுற்றில் வெளியேறுகிறது. அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு ஸ்டார் தன் அணியை விட்டுப் போக விரும்புகிறார் என்று செய்தி வருகிறது. மூன்று நல்ல வீரர்களையும் நான்கு டிராஃப்ட் பிக்குகளையும் (வருடாந்திரத் தேர்வில் புது வீரரை எடுக்கும் உரிமை) கொடுத்து அவரைக் கொண்டுவந்துவிடலாமா? இல்லை, இருக்கிற பத்து பேரை வைத்துப் பொறுமையாகக் கட்டலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய வீரர் ஒருவர்கூட இல்லாமல் சாம்பியன் ஆவது மிக அரிது. ஆனால் ஸ்டாருக்காகக் கொடுக்கும் விலையில் பெரும் பங்கு, நாளைக்கு ஒரு தவறு நடந்தால் அதைத் திருத்திக்கொள்ளும் வசதி. அந்த வசதியை இழக்கத் துணியும் நிலையில் எந்த அணி இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என்பிஏ-வில் பெரும்பாலான அணிகள் அந்த நிலையில் இல்லை என்பது என் கருத்து.

## டிரேட் எப்படி நடக்கிறது

ஐபிஎல் ஏலம்போல இங்கே கையை உயர்த்தி ஒரு வீரரை எடுத்துவிட முடியாது. ஆள் வேண்டுமென்றால் ஆள் கொடுக்க வேண்டும், சம்பளமும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். 5 கோடி டாலர் சம்பளம் வாங்கும் ஒருவரைக் கொண்டுவர, ஒன்றரைக் கோடி, இரண்டு கோடி வாங்கும் இரண்டு மூன்று பேரை அனுப்பியாக வேண்டும். அணியில் நல்ல டிஃபென்ஸ் ஆடுபவர்களும் மூன்று புள்ளி ஷாட் போடுபவர்களும் பெரும்பாலும் அந்தச் சம்பளத்தில்தான் இருப்பார்கள். அதற்கு மேல் முதல் சுற்று பிக்குகள். அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்கு முதல் சுற்று பிக்கே இல்லாமல் போகக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. 1980-களில் கிளீவ்லேண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரிக் கொடுத்ததால் வந்தது, அவர் பெயரிலேயே வழங்குகிறது. அதைத் தாண்டத்தான் 'ஸ்வாப்'. உங்கள் பிக் எங்களுடையதைவிட மேலே இருந்தால் மாற்றிக்கொள்வோம் என்ற உரிமையை எழுதிக் கொடுத்துவிடுவது.

## எதை வைத்து எடை போடுவது

உச்சம். ஏழு ஆட்டத் தொடரில், ஆட்டம் சமநிலையில் இருக்க, கடைசி ஐந்து நிமிடத்தில் பந்து யார் கைக்குப் போகும்? எதிரணி உங்கள் திட்டம் எல்லாவற்றையும் படித்துவிட்ட பிறகும் ஒரு ஷாட் உருவாக்க யாரால் முடியும்?

காலம். கோப்பைக்கு உண்மையாகப் போட்டி போடும் நிலையில் அணி எத்தனை வருடம் இருக்கும்?

சம்பளம். லீகும் வீரர்கள் சங்கமும் 2023-இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த அளவுகோலின் எடை இரட்டிப்பாகிவிட்டது. மொத்தச் சம்பளம் 'இரண்டாவது ஏப்ரன்' என்ற உச்சக் கோட்டைத் தாண்டினால், அணிக்குப் பணம் போவதோடு கைகளும் கட்டப்படுகின்றன. இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை எடுக்க முடியாது. அனுப்பும் சம்பளத்தைவிட அதிகமாக வாங்கிக்கொள்ள முடியாது. ஏழு வருடம் கழித்து வரும் முதல் சுற்று பிக் டிரேடுக்கு உதவாமல் முடக்கப்படும். 2024-25 சீசனில் சாலரி கேப் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கான அடிப்படை வரம்பு) சுமார் 14.06 கோடி டாலர், இரண்டாவது ஏப்ரன் சுமார் 18.89 கோடி.

காயம். 82 ஆட்டம், அப்புறம் இரண்டு மாத பிளேஆஃப். யாராவது ஒருவர் விழுவார். விழுந்த பிறகு மிச்சம் என்ன?

திருத்தும் வசதி. முடிவு தப்பாகப் போனால் வேறு வழி இருக்கிறதா? நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான்.

## வழி ஒன்று: ஸ்டாரை டிரேடில் வாங்குவது

நல்ல முகம் எப்படி இருக்கும், கெட்ட முகம் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரே ஜோடி போதும்: கெவின் கார்னெட், பால் பியர்ஸ்.

2006-07 சீசனில் பாஸ்டன் செல்டிக்ஸ் 24 வெற்றி, 58 தோல்வி. பியர்ஸ் ஏற்கனவே அங்கே இருந்தார். அந்தக் கோடையில் ரே ஆலனையும், பிறகு ஐந்து வீரர்களையும் இரண்டு முதல் சுற்று பிக்குகளையும் கொடுத்து மினசோட்டாவிலிருந்து கார்னெட்டையும் கொண்டுவந்தார்கள். அடுத்த சீசன் 66 வெற்றி, கோப்பை. அப்போது கார்னெட்டுக்கு வயது 31.

ஆறு வருடம் கழித்து, 2013-இல், அதே கார்னெட்டையும் பியர்ஸையும் ஜேசன் டெர்ரியோடு சேர்த்து புரூக்ளின் நெட்ஸ் வாங்கியது. இப்போது வயது 37, 35. கொடுத்த விலை 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகள், 2017-இல் ஸ்வாப் உரிமை. அவற்றுக்கு எந்தப் பாதுகாப்பும் (பிக் மேல் இடத்தில் விழுந்தால் நம்மிடமே தங்கும் என்ற நிபந்தனை) வைக்கவில்லை. முதல் சீசனில் இரண்டாவது சுற்று வரை போனார்கள். 2015-16-இல் வெற்றி 21, அடுத்த சீசனில் 20. மோசமான அணிக்குக் கிடைக்கும் ஒரே ஆறுதல் உயர்ந்த டிராஃப்ட் பிக். அதுவும் பாஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. 2016 பிக்கில் ஜேலன் பிரவுன் வந்தார். 2017-இல் ஸ்வாப்பில் கிடைத்த முதல் இடத்தை பிலடெல்பியாவிடம் மாற்றி, மூன்றாம் இடத்தில் ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். 2024-இல் பாஸ்டன் கோப்பை வாங்கியபோது அணியின் தூண்கள் அந்த இருவர்தான். ஒரே டிரேடின் இரு பக்கமும் இவ்வளவு தெளிவாகத் தெரியும் உதாரணம் அதிகம் இல்லை.

### வெளியே தெரியாத செலவு

பீனிக்ஸ் சன்ஸின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் புதிய விதிகளின் கீழ் ஸ்டார் வேட்டை எப்படி முடிகிறது என்பது அதில் முழுசாக இருக்கிறது.

2023 பிப்ரவரியில் கெவின் டுரான்ட்டுக்காக மிக்கால் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், ஜே கிரவுடர், பாதுகாப்பு இல்லாத நான்கு முதல் சுற்று பிக்குகள், ஒரு ஸ்வாப் ஆகியவற்றை புரூக்ளினுக்குக் கொடுத்தார்கள். பிரிட்ஜஸும் ஜான்சனும் இளையவர்கள், இரண்டு பக்கமும் ஆடுபவர்கள். சில மாதங்களில் பிராட்லி பீலும் வந்தார். டெவின் புக்கரோடு சேர்த்து மூன்று பேரும் தனியாகவே ஸ்கோர் செய்யத் தெரிந்தவர்கள். காகிதத்தில் பயமுறுத்தும் அணி.

2024-25 சம்பளப் பட்டியலில் அந்த மூவரின் தொகை மட்டும் சுமார் 15 கோடி டாலர். சாலரி கேப்பையே மூன்று பேர் தாண்டிவிட்டார்கள். மற்ற இடங்களில் பலவற்றைக் குறைந்தபட்சச் சம்பளக்காரர்களைக் கொண்டுதான் நிரப்ப முடிந்தது. ஆட்டத்தில் இதன் விளைவு அப்பட்டமாகத் தெரிந்தது. எதிரணியின் வேகமான கார்டு (பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரர்) முதல் டிஃபெண்டரைத் தாண்டி உள்ளே நுழைந்தால் அடுத்து தடுக்க ஆள் இல்லை. பிரிட்ஜஸ் இருந்திருந்தால் அது அவர் வேலை. 2024 பிளேஆஃபில் மினசோட்டாவிடம் 4-0 தோல்வி. அடுத்த சீசன் 36 வெற்றி, 46 தோல்வி, பிளேஆஃபே இல்லை.

சரி, மாற்றலாம் என்றால்? இரண்டாவது ஏப்ரனைத் தாண்டியதால் சம்பளங்களைச் சேர்த்து டிரேட் செய்ய முடியாது. பீலின் ஒப்பந்தத்தில் தன்னை எந்த அணிக்கும் அனுப்ப மறுக்கும் உரிமை இருந்தது. பிக்குகள் ஏற்கனவே போய்விட்டன. கடைசியில் 2025 கோடையில் டுரான்ட்டை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வந்தவற்றில் 2025 டிராஃப்டின் பத்தாவது பிக் ஒன்று. அது முதலில் பீனிக்ஸுடையது, புரூக்ளின் வழியாக ஹூஸ்டன் போய்ச் சேர்ந்திருந்தது. டுரான்ட்டை வாங்கக் கொடுத்த பிக்கை, டுரான்ட்டையே கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். பீலின் ஒப்பந்தத்தையும் அதே கோடையில் பணம் கொடுத்து முடித்தார்கள்.

இன்னொரு செலவு, சேர்ந்து ஆடுவது. 2021-இல் லேக்கர்ஸ் ரஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கக் கைல் குஸ்மா, கென்டேவியஸ் கால்ட்வெல்-போப் போன்றவர்களைக் கொடுத்தது. வெஸ்ட்புரூக்குக்கு பந்து கையில் வேண்டும், லெப்ரான் ஜேம்ஸுக்கும் வேண்டும். வெளியே நின்று ஷாட் போடும் ஆட்களைத்தான் அனுப்பிவிட்டார்கள். 33 வெற்றி, பிளேஆஃப் இல்லை.

### எப்போது இது சரி

டொரான்டோவை மறக்கக் கூடாது. 2017-18-இல் அந்த அணி 59 ஆட்டம் ஜெயித்தது. பெஞ்ச் வீரர்கள் வந்து முன்னிலையைப் பெருக்கிவிட்டுப் போவார்கள். சமநிலை அணி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் பாராட்டினார்கள். பிளேஆஃபில் லெப்ரானின் கிளீவ்லேண்ட் 4-0 என்று துடைத்தது. அந்த அணியிடம் தோற்பது தொடர்ந்து மூன்றாவது வருடம்.

அந்தக் கோடையில் ரசிகர்களின் செல்லமான டிமார் டிரோசனையும், யாகோப் பெல்டலையும், பாதுகாப்போடு கூடிய ஒரு பிக்கையும் கொடுத்து காவாய் லெனார்டையும் டேனி கிரீனையும் வாங்கினார்கள். ஒப்பந்தத்தில் ஒரே வருடம் மிச்சம், முந்தைய சீசனில் காயத்தால் ஆடியது ஒன்பது ஆட்டம். அதனால்தான் விலை குறைவு. இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் எதைக் கொடுக்கவில்லை என்பது. கைல் லௌரி இருந்தார், பாஸ்கல் சியாகம் இருந்தார், பிரெட் வான்விலீட் இருந்தார், சர்ஜ் இபாக்கா இருந்தார். சீசன் நடுவில் மார்க் கசோலும் வந்தார். 2019 மே 12, பிலடெல்பியாவோடு ஏழாவது ஆட்டம், 90-90. மூலையிலிருந்து லெனார்ட் போட்ட பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது. அந்த வருடம் கோப்பை. கோடையில் லெனார்ட் போய்விட்டார், டொரான்டோ அடுத்த சீசனிலும் 72 ஆட்டத்தில் 53 ஜெயித்தது. அடித்தளம் அப்படியே இருந்ததால்தான் அது முடிந்தது.

## வழி இரண்டு: சமநிலை அணியைக் கட்டுவது

இந்தப் பக்கத்தில் எல்லோரும் முதலில் சொல்வது 2004 டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். இறுதிச் சுற்றில் எதிரே லேக்கர்ஸின் ஷகீல் ஓ'நீல், கோபி பிரயன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன். இந்தப் பக்கம் பல அணிகள் கைமாற்றிய சான்சி பில்லப்ஸ், டிராஃப்டில் யாருமே எடுக்காத பென் வாலஸ், 23-வது பிக் டேஷான் பிரின்ஸ், ரிச்சர்ட் ஹாமில்டன், சீசன் நடுவில் வந்த ரஷீத் வாலஸ். மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் எடுத்தது வெறும் 68 புள்ளி. தொடர் 4-1. கோப்பையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: 2003 முதல் 2008 வரை அந்த அணி ஆறு வருடம் தொடர்ந்து கான்ஃபரன்ஸ் இறுதிக்கு (கோப்பைக்கான இறுதிக்கு முந்தைய சுற்று) போனது. காலம் என்ற அளவுகோலில் இதுதான் இந்த வழியின் பலம்.

ஆனால் அந்த ஆறு வருடத்தில் கோப்பை ஒன்றுதான். உச்சத்தில் இடிக்கிறது என்பதற்கு இன்னும் கடுமையான சாட்சி 2014-15 அட்லாண்டா. 60 வெற்றி. ஜனவரியில் 17 ஆட்டம், 17 வெற்றி. அந்த மாதத்தின் சிறந்த வீரர் விருதை ஐந்து பேருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். கான்ஃபரன்ஸ் இறுதியில் கிளீவ்லேண்ட் 4-0. கிளீவ்லேண்டுக்குக் கெவின் லவ் இல்லை, கைரி இர்விங் இரண்டு ஆட்டம் ஆடவில்லை. அட்லாண்டாவுக்கும் கைல் கோர்வர் நடுவில் காயம்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் லெப்ரான் ஒருவர் போதுமானதாக இருந்தது. ரெகுலர் சீசனில் பத்தாவது வீரர் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பார். பிளேஆஃபில் சுழற்சி (மாறி மாறிக் களமிறங்கும் ஆட்கள்) எட்டுப் பேருக்குச் சுருங்கி, ஸ்டார் 40 நிமிடம் ஆடுவார். ஆழத்தின், அதாவது பெஞ்ச் வரை நல்ல ஆட்கள் இருப்பதன் மதிப்பு, அங்கே பாதியாகிவிடுகிறது.

### வெளியே தெரியாத செலவு

நல்ல துணை வீரரை வளர்த்துவிட்டால் அவர் விலையும் வளர்ந்துவிடும். 2023-இல் டென்வர் ஜெயித்தபோது புரூஸ் பிரவுன் பெஞ்சிலிருந்து வந்து பெரிய வேலை செய்தார். இந்தியானா ஆண்டுக்கு சுமார் 2.2 கோடி டாலர் தர முன்வந்தது. விதிப்படி டென்வரால் கொடுக்க முடிந்தது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. போய்விட்டார். அடுத்த கோடையில் கால்ட்வெல்-போப் ஆர்லாண்டோ போனார். நிக்கோலா யோக்கிச் அதே யோக்கிச்தான், சுற்றியிருந்தவர்கள் கரைந்தார்கள். 2025-இல் ஓக்லஹோமாவிடம் ஏழாவது ஆட்டத்தில் 125-93 என்று தோற்றது டென்வர். அன்று தன்னைவிட அரை அடி உயரமான யோக்கிச்சைப் பல நேரம் தடுத்து நின்றவர் ஓக்லஹோமாவின் பெஞ்ச் வீரர் அலெக்ஸ் கரூசோ.

இன்னொரு செலவு நேரம். ஓக்லஹோமா 2020-21-இல் 22 வெற்றி, அடுத்த வருடம் 24. அந்தத் தோல்விகளை டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எல்லா உரிமையாளருக்கும், எல்லா ஊருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. நடுத்தர வெற்றிகளோடு தேங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. 45 வெற்றி அணிக்கு உயர்ந்த பிக் கிடைக்காது, கோப்பையும் கிடைக்காது.

### எப்போது இது சரி

பெரிய வீரர் ஒருவர் உள்ளேயே வளர்ந்துவிட்டால் இந்த வழி சரி. 2025 இறுதிச் சுற்றில் மோதிய ஓக்லஹோமா, இந்தியானா இரண்டுமே ஆழமான அணிகள். முதல் ஆட்டத்தில் 0.3 விநாடி மிச்சமிருக்க டைரீஸ் ஹாலிபர்ட்டன் போட்ட ஷாட்டில் இந்தியானா 111-110 என்று ஜெயித்தது. நான்காவது ஆட்டத்தில் இந்தியானா முன்னிலையில் இருந்தது. அதையும் ஜெயித்திருந்தால் தொடர் 3-1. கடைசி ஐந்து நிமிடத்துக்குள் ஓக்லஹோமாவின் ஷேய் கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் மட்டும் 15 புள்ளி எடுத்து ஆட்டத்தைப் பறித்தார். ஏழாவது ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநார் அறுந்தது. அப்படியும் இடைவேளையில் இந்தியானா ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. மிச்சமிருந்த ஆழம் அவ்வளவு தூரம்தான் தூக்கியது. முடிவு 103-91, ஓக்லஹோமாவுக்கு.

ஷேய் எப்படி ஓக்லஹோமா வந்தார்? 2019-இல் கிளிப்பர்ஸ் பால் ஜார்ஜை வாங்கக் கொடுத்தவர்களில் ஒருவர். அதோடு ஐந்து முதல் சுற்று பிக்குகளும் ஸ்வாப்களும். அதில் ஒன்று 2022-இல் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. கிளிப்பர்ஸ் அதிகபட்சம் எட்டியது 2021 கான்ஃபரன்ஸ் இறுதி. ஜார்ஜ் 2024-இல் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். கிளிப்பர்ஸுக்குப் பதில் எதுவும் வரவில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | ஸ்டாரை வாங்கினால் | சமநிலை அணி கட்டினால் |
|---|---|---|
| உச்சம் | உயரம், ஆனால் துணை மிச்சமிருந்தால் மட்டும் | பெரிய வீரர் ஒருவர் உள்ளேயிருந்து வளராவிட்டால் இடிக்கும் |
| காலம் | ஒன்று முதல் மூன்று வருடம் | ஐந்து, ஆறு வருடம் நீளலாம் |
| சம்பளம் | இரண்டாவது ஏப்ரன் கைகளைக் கட்டும் | முதலில் எளிது, ஒப்பந்தப் புதுப்பிப்பில் கடிக்கும் |
| காயம் | ஒருவர் விழுந்தால் சீசன் முடிந்தது | தாக்குப்பிடிக்கும், ஓரளவு |
| திருத்தும் வசதி | ஏறத்தாழ இல்லை | பிக்கும் நடுத்தர ஒப்பந்தங்களும் கையில் இருக்கும் |
| வேண்டிய பொறுமை | குறைவு | மிக அதிகம் |

## யாருக்கு எது

லீகின் முதல் ஐந்தாறு வீரர்களில் ஒருவர் ஏற்கனவே உங்களிடம் இருந்து, அவருக்கு வயது முப்பதுக்குள் இருந்தால், வாங்குங்கள். 2020-இல் மில்வாக்கி அதைத்தான் செய்தது. யானிஸ் இருந்தார், எதிரணியின் சிறந்த கார்டைத் தடுக்க ஆள் இல்லை. மூன்று முதல் சுற்று பிக்குகளும் இரண்டு ஸ்வாப்களும் கொடுத்து ஜ்ரூ ஹாலிடேயை வாங்கினார்கள். விலை அதிகம் என்று பலர் சொன்னார்கள். 2021-இல் கோப்பை. ஹாலிடே பெரிய பெயர் இல்லை, இல்லாத இடத்தைச் சரியாக நிரப்பியவர்.

அதே மில்வாக்கி 2023-இல் ஹாலிடேயைக் கொடுத்து, அவரைவிடப் பெரிய பெயரான டேமியன் லில்லார்டை வாங்கியது. இரண்டு வருடமும் முதல் சுற்றிலேயே தோல்வி, இரண்டும் இந்தியானாவிடம். 2025 ஏப்ரலில் லில்லார்டுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. ஜூலையில் அவரை விடுவித்து, மீதித் தொகையை ஐந்து வருடத்துக்குப் பிரித்தார்கள். ஆடாத வீரருக்காக ஆண்டுக்கு சுமார் 2.25 கோடி டாலர் சம்பளக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது.

பெரிய வீரர் உங்களிடம் இல்லை, வரப்போகிறவரும் முப்பத்தைந்தை நெருங்குகிறார் என்றால் வேண்டாம். புரூக்ளின் போன பாதை அது.

45 வெற்றியில் நிற்கும் அணிக்கு நான் சொல்வது இந்தியானாவின் வழி. 2022-இல் ஆல்-ஸ்டாரான டொமாந்தாஸ் சபோனிஸைக் கொடுத்து, இன்னும் ஸ்டார் ஆகாத ஹாலிபர்ட்டனை வாங்கினார்கள். 2023-இல் புரூஸ் பிரவுனுக்குத் தாராளமாகச் சம்பளம் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் அதே ஒப்பந்தத்தைச் சம்பளக் கணக்குக்குப் பயன்படுத்தி, மூன்று முதல் சுற்று பிக்குகளோடு சேர்த்துக் கொடுத்து டொரான்டோவிலிருந்து சியாகமை எடுத்தார்கள். சுழற்சியில் ஆடும் மற்ற முக்கியமான ஆட்கள் யாரும் போகவில்லை. 2025 கிழக்கு கான்ஃபரன்ஸ் இறுதியின் சிறந்த வீரர் விருது சியாகமுக்குத்தான் போனது.

பேரத்தில் உட்காரும்போது அடம்பிடிக்க வேண்டிய இடமும் இருக்கிறது. அடுத்த ஓரிரு வருடத்துக்குள் வரும் பிக்கைத் தாராளமாகக் கொடுக்கலாம், ஸ்டார் வந்தால் அது பெரும்பாலும் இருபதாவது இடத்துக்குப் பின்னால்தான் விழும். ஐந்து, ஆறு வருடம் கழித்து வரும் பிக்குக்கு மட்டும் பாதுகாப்பு கேளுங்கள். மோசமான சீசன் வந்து முதல் பத்து இடத்துக்குள் விழுந்தால் அது நம்மிடமே தங்க வேண்டும். எதிர் அணி அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், அந்த ஸ்டாரை வேறு யாராவது வாங்கட்டும்.